வாத்து அடைகாத்த கண்ணாடி முட்டை

வேகா என்ற எங்கள் தீவில் பல் பிடுங்கிக்கொண்ட யாரைக் கேட்டாலும் யோர்டிஸைப் பற்றி ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: நம் வாய் திறந்தே கிடக்கும், பேசுவது முழுக்க அவளாக இருக்கும். இருபத்தொன்பது வருஷமாக அங்கே பல் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, ஈறு மரத்துப்போகட்டும் என்று அடுத்த அறைக்குப் போவார். அந்தப் பத்து நிமிஷம் யோர்டிஸுக்குச் சொந்தம். போன வாரப் புயலில் எந்தக் கரையில் எது ஒதுங்கியது, யார் வீட்டுப் படகுக் கொட்டகையில் எது அகப்பட்டது என்று ஆரம்பித்துவிடுவாள். மல்லாந்து கிடப்பவர் “ஆ” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது. அந்த “ஆ”வையே ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவாள்.

பேச்சு முழுக்கக் கண்ணாடிக் குண்டுகளைப் பற்றித்தான். வலை மூழ்காமல் இருக்க அந்தக் காலத்தில் அதன் மேல்விளிம்பில் கட்டிய மிதவைகள். பிளாஸ்டிக் வந்ததும் எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். கொட்டகைகளின் பின்னால் குவியலாகக் கிடந்தன. அவற்றின் மேல் காஞ்சொறிச் செடி முளைத்தது, ஆடு மேய்ந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது குப்பை. அதை அள்ளி மார்போடு அணைத்துக்கொள்ள, கடலையே பார்க்காமல் வளர்ந்த ஒருத்தி வரவேண்டியிருந்தது.

யோர்டிஸ் உள்நாட்டுப் பள்ளத்தாக்குக்காரி. பசுவும் பைன் மரமும் பார்த்து வளர்ந்தவள். வேலை கிடைத்து வேகாவுக்கு வந்த முதல் மாதமே சிக்வால்ட் என்ற மீனவன் கடைவாய்ப் பல் வலியோடு வந்து சேர்ந்தான். “ஒரு பல்லைக் கொடுத்து ஒரு பெண்டாட்டியை வாங்கினேன், எனக்கு லாபமா நஷ்டமான்னு இன்னும் தெரியல” என்று சிக்வால்ட் சொல்வதுண்டு. அவள் அந்தப் பல்லைக்கூட எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று பேச்சு.

கல்யாணமான வருஷம், சிக்வால்ட் குடும்பத்துக்குச் சொந்தமான ஸ்கோர்வா என்ற குட்டித் தீவின் கரையில் அவளுக்கு முதல் குண்டு கிடைத்தது. சின்னப் பூசணிக்காய் அளவு, பாசிப் பச்சை, உள்ளே சோடாவில் வருவதுபோல் குமிழிகள். தூக்கிப் பார்த்தாள். உள்ளே வானம் கீழேயும் கரை மேலேயும் இருந்தது, நடுவே அவள் மூக்கு தலைகீழாக. வீட்டுக்கு ஓடிவந்து மேசைமேல் வைத்தாள். சிக்வால்டின் தம்பி ஒட்மார் காபிக் கோப்பையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான்:

“அண்ணி, பின்னாடி கொட்டகைல இது அறுபது கிடக்கு. கைவண்டி தரட்டுமா?”

கிண்டலுக்குச் சொன்னான். அவள் அன்றே கைவண்டியைக் கேட்டு வாங்கினாள். அன்றைக்கு வாய்விட்டதை ஒட்மார் இன்றைக்கும் நொந்துகொள்வான்.

அதன்பிறகு முந்நூற்று எண்பத்தாறு சேர்ந்துவிட்டன. தெற்குப் பக்கத்து ஜன்னல் முழுக்கப் பலகை அடித்து அடுக்கி வைத்திருந்தாள். பச்சை, நீலம், பீர் பாட்டில் பழுப்பு, நிறமே இல்லாத வெள்ளை. ஒன்றின் உள்ளே பாதியளவு கடல்தண்ணீர். வெளியே ஓட்டை கிடையாது. வலை ஏதோ ஒரு நாள் ரொம்ப ஆழத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது, அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே தண்ணீர் புகுந்து மாட்டிக்கொண்டது. இன்னொன்றில் உள்ளே குறுக்கே ஒரு கண்ணாடி நூல், ஊதினவன் குழாயை எடுக்கும்போது இழுபட்டது. அவள் அவற்றைப் பார்க்கும் முறையும் தனி. பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடி இருக்கிறதே, நீளக் காம்போடு, அதை வைத்துத்தான். ஊதின வாயை அடைக்க வைத்த கண்ணாடிப் பொட்டு எங்கே, அதில் என்ன எழுத்து, எந்தப் பட்டறை என்று துருவுவாள்.

“ஒருத்தன் வாயால ஊதினது,” என்பாள். “அவன் செத்து நூறு வருஷமாச்சு. அவன் மூச்சு இன்னும் உள்ள இருக்கு. எனக்குத் தெரிஞ்சு வேற எந்தச் சாமான்லயும் அது கிடையாது.”

இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் ஒரு குண்டை வரைந்து காட்டும். அப்போது அந்தக் கையில் இடுக்கி இருக்கக் கூடாதே என்பதுதான் கேட்பவர் கவலை.

ஒன்று மட்டும் அவளிடம் இல்லை. முட்டை மிதவை. முதன்முதலில் எங்கள் நாட்டில் ஊதப்பட்ட மிதவைகள் கோழிமுட்டை, வாத்துமுட்டை அளவுதான் இருந்தன என்பது சேகரிப்பவர்கள் சொல்லும் கதை. பிறகுதான் பெரிதாக ஊதக் கற்றார்கள். அந்தச் சின்னவை உடைந்தும் தொலைந்தும் போனதில் மிஞ்சியது சொற்பம். பெர்கன் நகருக்கு இரண்டு முறை ஏலத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். டென்மார்க்கில் ஹென்னிங் என்று அவளுக்கு ஒரு சேகரிப்புச் சிநேகிதன் உண்டு. அவனிடம் இரண்டு இருந்தன. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் “உன் முட்டை எப்போது?” என்று எழுதுவான். அவள் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, பதிலுக்குப் பெரிய அட்டையாகப் பார்த்து அனுப்புவாள்.

வருஷத்தில் ஒன்பது மாதம் இப்படி. ஏப்ரல் பிறந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு சிக்வால்டோடும் ஒட்மாரோடும் ஸ்கோர்வாவுக்குப் போய்விடுவாள். ஈடர் வாத்துகள் வரும் காலம். நாங்கள் அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறோம், காய்ந்த கடல்பாசியில் படுக்கை போடுகிறோம், நரியும் கடற்காகமும் அண்டாமல் காவல் இருக்கிறோம். அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் போகும்போது மார்பிலிருந்து உதிர்த்த தூவியை, பஞ்சு போன்ற மெல்லிறகை, விட்டுச் செல்லும். அதில் போர்வை தைக்கிறோம். பல தலைமுறையாக உள்ள கொடுக்கல் வாங்கல் இது. சிக்வால்டின் தாத்தா காலத்தில் ஸ்கோர்வாவுக்கு நானூறு வாத்து வந்ததாம். நான் சொல்ல வந்த இது நடந்த வருஷம் வந்தது பதினொன்றுதான்.

வாத்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் தீவில் சட்டங்கள் மாறும். மோட்டார் படகு கூடாது. சுத்தியல் கூடாது. துணி காயப்போடக் கூடாது. தினமும் அதே சாம்பல் நிறக் கோட்டு, அதே தொப்பி. புது உடுப்பைப் பார்த்தால் வாத்து மிரளும். மே பதினேழு தேசிய தினத்துக்குக்கூடக் கொடி ஏற்றுவதில்லை. துணி படபடத்தால் பறவை எழுந்து போய்விடும். மூன்று பேரும் சமையலறையில் நின்று தேசிய கீதத்தை முணுமுணுத்துவிட்டு வாஃபிள் சாப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உரக்கப் பேசக் கூடாது. இரண்டு மாதம் கிசுகிசுப்புதான். யோர்டிஸுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாங்க முடியாதபோது வடக்கு முனைக்குப் போவாள். அங்கே கூடு எதுவும் இல்லை, காற்றும் கடலுக்கு அடிக்கும். நின்று பத்து நிமிஷம் கடலைப் பார்த்துச் சத்தமாகப் பேசிவிட்டு வருவாள்.

மே பன்னிரண்டாம் தேதி. சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு வாத்து வீடு. ஒட்மார் தன் பழைய துடுப்புப் படகைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துச் செய்தது. அதில் ஆறாவது வருஷமாக வருகிற வாத்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. எத்தனை முட்டை என்று பார்க்க யோர்டிஸ் முழந்தாளிட்டுக் கையை உள்ளே விட்டாள். வாத்து போகும்போது தூவியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும், விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து. எல்லாம் கதகதப்பாக இருந்தன. ஐந்தாவதில் மட்டும் விரல்நுனிக்கு ஒரு பொட்டு தட்டுப்பட்டது.

தூவியை விலக்கினாள். ஈடர் முட்டை வெளிறிய பச்சை. ஐந்தாவதும் பச்சைதான், ஆனால் அதன் உள்ளே வெளிச்சம் போய்த் திரும்பி வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு அடைப்புப் பொட்டு. அதில் ஏதோ எழுத்து.

அவள் தூவியை இருந்தபடியே மூடினாள். எழுந்தாள். பூனைபோல் நடந்து வீட்டைத் தாண்டினாள். தாண்டியதும் ஐம்பத்துநாலு வயசு என்பதை மறந்து வடக்கு முனைக்கு ஓடினாள். அங்கே போனில் ஹென்னிங்கைப் பிடித்தாள்.

“ஹென்னிங், உக்காந்துக்கோ.”

“உக்காந்துதான் இருக்கேன். ஏன் இப்படிக் கத்துற?”

“இங்கதான் கத்த முடியும். முட்டை. பச்சை முட்டை. பொட்டு இருக்கு, எழுத்து இருக்கு.”

“என்ன எழுத்து?”

“தெரியல. மேல வாத்து உக்காந்துடும், அதுக்குள்ள ஓடி வந்துட்டேன்.”

“மேல என்ன உக்காந்துடும்?”

அவள் கூட்டைப் பற்றி விளக்கிச் சொன்னாள். ஹென்னிங் துள்ளினான்: “போ. இப்பவே போய் எடு. வாத்துக்கு நாலு முட்டை போதாதா?”

“இப்பதான் உக்கார ஆரம்பிச்சிருக்கு. கூட்டைக் கலைச்சா விட்டுட்டுப் போயிடும். பதினொண்ணுதான் வந்திருக்கு ஹென்னிங். அது போனா பத்து.”

“அப்ப இருபத்தாறு நாள் சும்மா இருப்பியா? நீயா?”

“நான்தான்,” என்றாள் யோர்டிஸ். சொல்லிவிட்டு விரல்விட்டு நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

சண்டை அன்று சாயங்காலமே மூண்டது. சமையலறையில், பொரித்த மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில், மூன்று பேரும் மேசைமேல் கவிழ்ந்து தலைகள் முட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பில். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்து இருக்கிறதே.

“அது என் வீடு அண்ணி,” என்றான் ஒட்மார். “என் படகை அறுத்துச் செஞ்சது. வாத்து வீடு யாருதோ தூவி அவங்களுது. கூட்டுக்குள்ள கிடக்கறதும் அவங்களுதுதான். நான் புதுசா ஒண்ணும் சொல்லல.”

“உள்ள பாசி போட்டது யாரு?”

“நீங்க.”

“பாசியோடதான் அது வந்திருக்கு. பாசி என்னுது.”

ஒட்மார் முள்கரண்டியைக் கீழே வைத்தான், சத்தம் வராமல். இதற்காகவே காத்திருந்தவன் போல முகம் மலர்ந்தது. “அதைத்தான் நானும் கேக்கறேன். முப்பது வருஷமா கண்ணாடி பொறுக்கறவங்க. கரைல குனிஞ்சு அள்ளி, கூடைல முதுகில சுமந்து, கையால உள்ள திணிச்சிருக்கீங்க. கண்ணுல படலையா?”

அவளுக்குக் காது வரை சிவந்தது. பாசியை ஒவ்வொரு பிடியாக உதறித்தான் போட வேண்டும். சிறு கல் இருந்தால் முட்டை உடையும். ஸ்கோர்வாவில் வாத்து பார்க்கிற யாருக்கும் இது தெரியும். அன்றைக்கு அவள் உதறவில்லை. பெர்கன் ஏலத்தில் தன்னை முந்திய ஒரு மனிதனின் மீசையைப் பற்றி சிக்வால்டுக்குச் சொல்லிக்கொண்டே திணித்துவிட்டாள்.

“பேசிட்டே போட்டிருப்பீங்க,” என்றான் ஒட்மார்.

“நீ அதை வச்சு என்ன பண்ணப் போற? உனக்கு ஒரு குண்டாவது பிடிக்குமா?”

“என் ஜன்னல்ல வைப்பேன். மாசத்துக்கு ஒரு தடவை நீங்க வந்து பாத்துட்டுப் போகலாம் அண்ணி. நான் போட்ட காபியைக் குடிச்சிட்டு.”

ஒட்மார் கட்டைப் பிரம்மச்சாரி. காபிப் பொடியை மூன்று நாள் மாற்றாமல் கொதிக்க வைப்பவன். இது அவள் பொறுக்கக்கூடிய விஷயமே அல்ல. “சிக்வால்ட், நீ ஏதாவது சொல்லு” என்று கணவனின் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

சிக்வால்ட் மீன்முள்ளை நிதானமாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கல்யாண நாளிலிருந்து அவன் வேகம் அவ்வளவுதான். “ரெண்டு பேரும் அதைத் தொடக் கூடாது,” என்றான். “வாத்து முடிவு பண்ணட்டும். அது குஞ்சோட கிளம்பற அன்னைக்குக் கண்ணாடி கூட்டுக்குள்ள இருந்தா வீட்டுக்காரனுக்கு. வெளிய உருட்டி விட்டிருந்தா பாசிக்காரிக்கு.”

இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். கை குலுக்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச்சில்லை.

அடுத்த மூன்றரை வாரம் அவள் பட்ட பாட்டை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேடின பொருள், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு சுவர் தள்ளி, ஒரு வாத்தின் வயிற்றுக்குக் கீழே. காலையில் எழுந்ததும் அதே நினைப்பு. மேகம் மூடிய நாட்களில் பல் கண்ணாடியை ஒரு தூண்டில் கம்பில் கட்டி, பலகை இடுக்கு வழியே மெல்ல நீட்டிப் பார்ப்பாள். வெயில் நாளில் கண்ணாடி மின்னிப் பறவை மிரளும் என்பதால் கம்பைத் தொடவே மாட்டாள். வாத்து ஒரு நாளைக்குப் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றும். அதனால் கண்ணாடி முட்டை தினமும் வேறிடத்தில் இருந்தது. திங்கட்கிழமை நடுவில். செவ்வாய் ஓரத்தில், அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதன்கிழமை மறுபடி நடுவில்.

“எப்படி அண்ணி, தூக்கம் வருதா?” என்று ஒட்மார் ஜன்னலோரமாக வந்து காதோடு கேட்பான்.

“உன் வாத்து வீட்டுக்குத் தரை சாய்வா இருக்கு. உள்பக்கமா. வேணும்னே பண்ணியிருக்க.”

“பத்து வருஷத்துக்கு முன்னாடி செஞ்சேன். இன்னைக்கு முட்டை உருளும்னு அன்னைக்கே தெரிஞ்சு வச்சிருந்தேனாக்கும்.”

அவள் வடக்கு முனைக்குப் போய் இதற்கான பதிலைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கிருந்து ஹென்னிங்குக்குத் தினமும் நிலவரம் போனது. அந்த மனிதன் டென்மார்க்கில் தன் சேகரிப்புக் கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டான். முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து அவள் போனுக்குச் செய்திகள் வந்தன: இன்று எங்கே இருக்கிறது? எழுத்து தெரிந்ததா? வாத்து நலமா?

இதற்கிடையில் ஒருமுறை மழைநாளில் கண்ணாடி வழியே அந்த எழுத்து தெரிந்தது. ஓர் எழுத்தல்ல, இரண்டு, ஒன்றோடொன்று பின்னியவை. அப்படிப்பட்ட முத்திரையை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஹென்னிங்கின் இரண்டு முட்டையிலும் அது கிடையாது. அன்று அவள் மூச்சைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்து, பேசாமல் சிக்வால்டின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பேசாமல் என்பதைக் கவனியுங்கள். சிக்வால்ட் உடம்புக்கு என்ன என்று பயந்துபோனான்.

ஜூன் ஆறாம் தேதி சுவர் வழியே கீச்சுக் குரல் கேட்டது. நாலும் பொரிந்துவிட்டன. குஞ்சுகள் உலரும் வரை தாய் அசையாது, மறுநாள் காலையில்தான் கடலுக்குக் கூட்டிப்போகும். அதற்குள் நாங்கள் பாதையைச் சுத்தம் செய்துவிடுவோம். கூட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் முப்பது நாற்பது காலடி தூரம். குஞ்சு தடுக்கி விழாதபடி அந்த வழியில் கிடக்கிற கூழாங்கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்துப் பாறைக்கு அப்பால் கொட்ட வேண்டும். இடுக்குகளைப் பாசியால் அடைக்க வேண்டும். அன்று பகல் முழுக்க யோர்டிஸ் முழந்தாளில் தவழ்ந்து அந்த வேலையைச் செய்தாள். கோலி அளவுக் கல்கூட விடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. வானம் தெளிவு, கடல் வடிந்துகொண்டிருந்தது. ஒட்மார் இடப்பக்கப் பாறையில், சிக்வால்ட் வலப்பக்கம் படகுத்துறையில், கடற்காகங்கள் இறங்காதபடி ஆளுக்கொரு துடுப்போடு நின்றார்கள். யோர்டிஸ் வீட்டு மூலையில், சுவரோடு சுவராக. மூன்று பேரும் சிலை மாதிரி.

வாத்து தலையை நீட்டியது. வெளியே வந்தது. பின்னால் கரும்பழுப்பாக ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வாசல் பலகையில் ஏற முடியாமல் தத்தளித்தது. தாய் திரும்பி உள்ளே போய், உடம்பால் நெட்டித் தள்ளியது. நாலாவது குஞ்சு வெளியே வந்து விழுந்தது. அதோடு சேர்ந்து, பச்சையாக ஒன்றும் வாசலைத் தாண்டி உருண்டு வந்து, புல்லில் நின்றது.

யோர்டிஸ் ஒட்மாரைப் பார்த்தாள். அங்கிருந்தே அவனும் பார்த்துவிட்டான். துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினான், தோற்றவன் தூக்குவதுபோல. சிரித்துக்கொண்டுதான் தூக்கினான்.

வாத்துக் குடும்பம் பத்தடி போகும்வரை அவள் பொறுத்தாள். பிறகு குனிந்து எடுத்தாள். அது இன்னும் வாத்தின் சூட்டோடு இருந்தது. கனமே இல்லை. உள்ளே நாலைந்து கடுகளவுக் குமிழிகள், ஒரு பக்கம் கொஞ்சம் சப்பை. பின்னிய இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். எவனோ ஊதிய ஒரு சின்ன மூச்சு அவள் உள்ளங்கையில் முழுசாக இருந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது, கத்த முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. கையை முட்டையோடு கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, வழக்கப்படி குடும்பத்துக்குப் பின்னால் மெல்ல நடந்தாள்.

தாய் தண்ணீரில் இறங்கியது. மூன்று குஞ்சுகள் இறங்கின. நாலாவது ஓரத்தில் தயங்கி நின்றது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக் கூரைக்குப் பின்னாலிருந்து கருமுதுகுக் கடற்காகம் ஒன்று வந்தது. ஒட்மாரும் சிக்வால்டும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கரைப் பக்கமாக, அவள் தலைக்கு மேலாக, தாழ்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு போனது. யோர்டிஸ் கல்லுக்குக் குனிந்தாள். கல் இல்லை. நேற்று அவளே ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டாள்.

கையில் இருந்ததை வீசினாள்.

பள்ளத்தாக்கில் பசுக்களை விரட்டி வளர்ந்த கை. கடற்காகத்தின் விலாவில் பட்டது. அது அலறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, கூரையைத் தாண்டிப் போய்விட்டது. நாலாவது குஞ்சு தண்ணீரில் விழுந்தது, நீந்தியது. பச்சை முட்டை அதற்கும் அப்பால் விழுந்து முங்கியது.

பிறகு மேலே வந்தது.

ஒட்மார் பாறையிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தான். “அண்ணி, உடையல. மிதக்குது. படகை எடுக்கறேன், ரெண்டு தள்ளு தள்ளினா பிடிச்சிடலாம்.”

அவள் அவன் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். முட்டை கிடந்த இடம் குஞ்சுகளிடமிருந்து ஒரு கை தூரம். இப்போது படகு போனால் தாய் ஒரு பக்கமும் குஞ்சுகள் நாலு பக்கமுமாகச் சிதறும். மேலே இன்னும் இரண்டு கடற்காகங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. குடும்பம் முனையைத் திரும்பி வாத்துக் கூட்டத்தோடு சேரும்வரை தண்ணீரில் துடுப்பு படக் கூடாது. வடிகிற கடல் அதற்குள் அந்த முட்டையை எங்கே கொண்டுபோகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“துடுப்பைத் தொடாத,” என்றாள் கிசுகிசுப்பாக.

“அது உங்களுது. நான் தோத்துட்டேன். வாத்தே குடுத்திருச்சு.”

“தெரியும். சும்மா நில்லு. அதைப் பாரு ஒட்மார்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அழுகிறாளோ என்று நினைத்தான். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் வாய் காதுவரை விரிந்திருந்தது. அவள் எங்கள் கரைக்கு வந்தபோதே பிளாஸ்டிக் வந்துவிட்டது. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கியிருக்கிறாள், குப்பையில் தோண்டியிருக்கிறாள், ஏலத்தில் வாங்கியிருக்கிறாள், துடைத்து அடுக்கியிருக்கிறாள். முந்நூற்று எண்பத்தாறு மிதவைக்குச் சொந்தக்காரி, ஒரு மிதவை கடலில் மிதந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அது சின்ன அலைகளில் ஏறி இறங்கியது. பொட்டு கீழ்ப்பக்கம் போய், சப்பைப் பக்கம் மேலே வந்து, வெயிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

“எப்படி நிக்குது பாரு,” என்று அவன் கையைக் கிள்ளினாள். “எப்படி நிக்குது பாரேன். எவனோ எவ்வளவு ஒழுங்கா ஊதியிருக்கான்.”

வடிகடல் எல்லாவற்றையும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு போனது. முதலில் தாய், பின்னால் குஞ்சுகள், கடைசியில் அந்தப் பச்சை. முனையைத் திரும்பும்போது தாய் ஒருமுறை நின்று பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தது. பிறகு எதுவும் தெரியவில்லை.

சிக்வால்ட் படகுத்துறையிலிருந்து துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான். அவன் நின்ற இடத்திலிருந்துதான் முனை நன்றாகத் தெரியும். எண்ணுவது அவன் வேலை. வருஷா வருஷம் அவன்தான் எண்ணிச் சொல்வான்.

“தாய் பின்னாடி அஞ்சும் பத்திரமாப் போயிடுச்சு,” என்றான்.

இருவரில் யாரும் அவனைத் திருத்தவில்லை.